தோன் ஒராசியோ வீட்டுத் துக்கம்

மதியச் சாப்பாடு முடிந்து ஊர் முழுவதும் சன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் வேளையில், தோன் ஒராசியோ ஸ்கரமெல்லாவின் வீட்டுக் கதவை இதுவரை யாரும் தட்டியதில்லை. அவருடைய தகப்பனார் காலத்திலும் தட்டியதில்லை. அந்த வெயிலில் தெருவில் நடமாடுவது பேய்கள்தான் என்று சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கும் கடற்கரை ஊர் அது. பெரியவர்களுக்கும் அந்தப் பயம் கொஞ்சம் உண்டு. மரியாதை அதைவிட அதிகமாக உண்டு.

கதவு தட்டப்பட்டது. அவசரமில்லாமல், மெதுவாக, உள்ளே இருப்பவர்கள் வருந்திக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்த கையின் தட்டல்.

கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தோன் ஒராசியோவின் பார்வை முதலில் வாசலுக்குப் போகவில்லை. கூடத்தின் கோடியில் இருந்த உள்ளறைக் கதவுக்குப் போனது. அதற்குப் பின்னால், பழைய பாதாம் மூட்டைகளுக்கு நடுவே விரித்த மெத்தையில், அவருடைய ஒரே மகன் சபினோ படுத்திருந்தான். ஆட்சியை எதிர்த்து எழுதிய குற்றத்துக்காகப் பிரான்சுக்கு ஓடியவன். அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று கேள்விப்பட்டு, முந்தின இரவு ஒரு மீன்படகின் வலைகளுக்கு அடியில் பதுங்கி வந்திறங்கியிருந்தான். இன்று பொழுது சாயும்போது விளக்குப் படகுகள் மீன்பிடிக்கப் புறப்படும். அவற்றில் ஒன்று அவனை அக்கரைக்குக் கொண்டுபோகும். அதுவரை அவன் இருமக்கூடாது. வேலைக்காரியைக்கூட அவளுடைய கிராமத்துக்கு அனுப்பிவைத்தாகிவிட்டது.

அவனைத் தேடுகிற ரகசியப் போலீசாருக்கு ஒரு சுருக்கப் பெயர் இருந்தது. அந்த எழுத்துகளின் விரிவு யாருக்கும் தெரியாது. ஆட்சியின் கறுப்புச் சட்டைத் தொண்டர்கள் எதிரே வந்தால் ஒதுங்கி நடக்கலாம். இவர்களுக்கு அடையாளச் சட்டையே கிடையாது. முடிவெட்டுகிறவனாக இருக்கலாம், காப்பிக்கடைக்காரனாக இருக்கலாம், கோவிலில் உங்கள் பக்கத்தில் முழங்கால் போட்டிருப்பவனாக இருக்கலாம். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "அவங்க" என்பார்கள். அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள்.

தோன் ஒராசியோ இடைச்சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார்.

கீழ்வீட்டு நுன்சியாத்தா நின்றிருந்தாள். தையற்காரனின் விதவை. தலைமுதல் கால்வரை கறுப்பு. இரண்டு கைகளிலும் ஒரு பெரிய பீங்கான் பாத்திரம். அதன்மேல் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. துணியின் ஓரத்திலிருந்து கோழிச்சாற்றின் ஆவி, கிராம்பு மணத்தோடு மெல்ல எழும்பிற்று. அவள் கண்கள் அவருடைய மார்புக்கு மேலே ஏறவில்லை.

"தோன் ஒராசியோ... என்னத்தைச் சொல்றது. ஆறுற துக்கமா இது? ஆனாலும் ரெண்டு வாய் குடிக்கணும். உங்க அடுப்புதான் மூட்டக்கூடாதே. அதான் எடுத்தாந்தேன்."

அவருக்கு விளங்கவில்லை. சாவு விழுந்த வீட்டில் நெருப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுவருவார்கள். அது ஊர் வழக்கம். அவர் வீட்டிலிருந்தும் எத்தனையோ வீடுகளுக்கு அப்படிச் சாறு போயிருக்கிறது.

"யாருக்குத் துக்கம்?"

"நம்ம சபினோ தம்பிக்குத்தான்யா. பிரான்சுல, ஆஸ்பத்திரில. மார்ச்சளியாம்." அவள் சிலுவைக் குறி போட முயன்றாள், கையில் பாத்திரம் இருந்ததால் முடியவில்லை.

"யார் சொன்னது?"

"தெருவுக்கே தெரியுமே."

ஸ்கரமெல்லா வம்சத்தின் வாசலில் நின்று, உயிரோடிருக்கும் வாரிசுக்கு ஒருத்தி துக்கச் சாறு நீட்டுகிறாள். ரத்தம் காதுவரை ஏறிற்று. என் மகன் கல்லு மாதிரி இருக்கிறான், எடுத்துக்கொண்டு போ என்ற சொற்கள் நாக்கின் நுனிக்கே வந்துவிட்டன.

அவர் முதுகுக்குப் பின்னால் ஓர் அலறல்.

அவருடைய மனைவி ஃபிலோமேனா கூடத்தின் நடுவே நின்றிருந்தாள். கொண்டை ஊசிகளைப் பிடுங்கி எறிந்தாள். நரைத்த முடி தோளில் சரிந்தது. நேரே வந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். அதைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அறைந்துகொண்டாள். "என் ராசா! என் கோபுரமே! யார் கண்ணு பட்டுச்சோ!"

நுன்சியாத்தா கொஞ்ச நேரம் கூடவே அழுதாள். பிறகு, "மத்தவங்களும் வருவாங்க. கதவைத் திறந்தே வைங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

"உனக்குப் புத்தி பிசகிடுச்சா?" தோன் ஒராசியோ மனைவியின் பக்கம் குனிந்தார். "பெத்த பிள்ளை உள்ள படுத்திருக்கான். அவனுக்கு ஒப்பாரியா?"

"மெதுவா பேசுங்க." ஃபிலோமேனாவின் கண்களில் ஒரு துளி நீர் இல்லை. "சாகலைன்னு சொல்லியிருப்பீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு அவ கேட்டிருந்தா? கடுதாசி வந்துச்சா, தந்தி வந்துச்சா? அழாத வீடு எதுன்னுதாங்க அவங்க பார்க்கிறாங்க."

"இந்த வீட்டில பொய்த் துக்கம் யாரும் கொண்டாடினதில்ல."

"படகு கிளம்புற வரைக்கும் கொண்டாடுவோம். பாவம் என்மேல கிடக்கட்டும்."

உள்ளறைக் கதவின் இடுக்கிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "என் சாவுக்கு வெறும் கோழிச்சாறுதானாப்பா? இறால் கிறால் ஒண்ணும் வரலையா?"

"வாயை மூடுடா, கழுதை."

ஒரு சிரிப்பு. பிறகு சபினோ அடங்கிவிட்டான்.

துக்க வழக்கப்படி, முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்குத் துணி போட்டார்கள். வாசற்கதவை முழுக்கத் திறந்து வைத்தார்கள். துக்க வீட்டுக் கதவைச் சாத்துவது இறந்தவனை அவமதிப்பது. அந்தத் திறந்த கதவின் வழியே வெயிலில் காய்ந்த உப்பின் வாடையும், வெண்கல் தெருவின் அனலும், எங்கோ ஓயாமல் கத்தும் சில்வண்டுகளின் இரைச்சலும், அவற்றுக்கு ஊடாகப் படியேறி வரும் காலடிகளும் வந்தன. மருந்துக்கடைக்காரரின் மனைவி வந்தாள், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட மாவுப்பண்டத்தோடு. ரொட்டிச் சூளைக்காரன் வந்தான். வலை பின்னுகிற சகோதரிகள் வந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி கட்டிய பாத்திரங்களை மேசையில் வைத்துவிட்டு, சுவரோரம் நாற்காலிகளில் அமர்ந்து தரையைப் பார்த்தார்கள். ஒருவரும் எப்போது என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை. உறைந்த கொழுப்பும் வெங்காயமும் வியர்வையும் கலந்த வாடை சன்னல் சாத்திய கூடத்தில் கனமாகத் தங்கிற்று. ஈக்கள் துணிகளின்மேல் நடந்தன.

ஒவ்வொரு பாத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்த தோன் ஒராசியோவுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை தெளிந்த சாறு இறங்க வேண்டுமானால் கோழியை விடிகாலையிலேயே அறுத்திருக்க வேண்டும். காலைப் பூசை முடிந்து அவர் தெருவில் நடந்து வந்தபோது, மருந்துக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றினார். சூளைக்காரன், "இன்னைக்கு வெயில் கொளுத்தப் போகுதுங்க" என்றான். நுன்சியாத்தா சன்னலில் நின்று புன்னகைத்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்பில் அவர் மகனின் துக்கச் சாறு அப்போதே கொதித்துக்கொண்டிருந்தது.

அவர்களுக்கு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்கள். வேளையையும் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் முதுகை இன்னும் நிமிர்த்தினார்.

வெயில் சன்னல் இடுக்குகளில் மஞ்சளாக மாறியபோது ஒரு புதியவன் வந்தான். வெளிர்நிறக் கோட்டு. தொப்பி கையில். கோட்டின் கையில் துக்கத்துக்கான கறுப்புத் துணிப்பட்டை; அவசரத்துக்கு ஊசி குத்தியதல்ல, நுணுக்கமான தையல் போட்டுத் தைத்தது. அவனைக் கண்டதும் சுவரோரத் தலைகள் இன்னும் தாழ்ந்தன. ஒருவரும் சொல்லாமலே தோன் ஒராசியோவின் பக்கத்து நாற்காலி காலியாயிற்று.

"சபினோவோட சினேகிதன்னு வச்சுக்குங்க" என்றான் புதியவன். இதமான குரல். வடக்கத்தி உச்சரிப்பு. "நீங்க இன்னும் ஒண்ணுமே வாயில வைக்கலையாமே? அப்பா சாப்பிடலைன்னா, நம்பாம இருக்கார்னு ஜனங்க பேசுவாங்க."

நுன்சியாத்தா கிண்ணத்தில் சாறு ஊற்றிக்கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். முதன்முறையாக அவரை ஏறிட்டுப் பார்த்தாள். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான், வேறு வழியில்லை என்றது அந்தப் பார்வை.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உயிரோடிருக்கும் பிள்ளைக்குத் துக்கச் சாறு குடித்த தகப்பன் இந்த வம்சத்தில் இருந்ததில்லை. தன் மானத்தைவிட, தன் குலத்தின் பெயரைவிட, அந்தக் கதவுக்குப் பின்னால் அடக்கிவைத்த மூச்சு பெரிது என்று அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார். கரண்டியை எடுத்தார். சாறு ஆறிப்போயிருந்தது. கொழுப்பு உதட்டில் ஒட்டிற்று. விழுங்கினார். மறுபடியும் விழுங்கினார்.

ஃபிலோமேனா தரையில் ஆடி ஆடி ஒப்பாரி வைத்தாள். அவள் குரல் உள்ளறைப் பக்கம் திரும்பியிருந்தது. "அசையாம தூங்கு என் ராசா! யார் கூப்பிட்டாலும் எந்திரிக்காதே என் கண்ணே! அம்மா சொல்ற வரைக்கும் மூச்சு விடாதே!"

கிண்ணம் காலியாயிற்று.

"நல்லது" என்றான் புதியவன். கைக்குட்டையை எடுத்துத் தோன் ஒராசியோவின் உதட்டைத் தானே துடைத்துவிட்டான், குழந்தைக்குத் துடைப்பதுபோல. பிறகு காதருகே குனிந்தான். "உங்களை நினைச்சுத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு. ரோசக்காரர்னு கேள்விப்பட்டிருந்தேன். 'என் மகன் சாகலை, இங்கதான் இருக்கான்'னு வாசல்ல நின்னு கத்தியிருந்தா, தெருவே சாட்சி. அப்புறம் கைது, வழக்கு, வெளிநாட்டுப் பத்திரிகை... எங்களுக்குத் தலைவலி."

தோன் ஒராசியோ காலிக் கிண்ணத்தைத் தரையில் வைத்தார்.

"இப்ப அந்தப் பேச்சே இல்ல. பெத்தவங்களே அழுதாச்சு, சாப்பிட்டாச்சு. செத்தவனை யாரும் தேடமாட்டாங்க."

தொலைவில், துறையில், படகுக்காரர்கள் ஒருவரையொருவர் கூவி அழைக்கும் ஒலி. விளக்குகளை ஏற்றுகிறார்கள். தெருவில் வெளிச்சம் மங்கிற்று. இன்னும் கொஞ்ச நேரம். கொஞ்ச நேரம்தான்.

படியில் காலடிகள்.

கனத்த பூட்சுகள். ஆனால் சுமை தூக்கி வருகிறவர்களின் நடை அல்ல அது. மூச்சு வாங்கவில்லை. திருப்பத்தில் யாரும் நிற்கவில்லை. வேகமாக, லேசாக ஏறி வந்தார்கள்.

ஒரு சவப்பெட்டி. பளபளக்கும் அக்ரூட் மரம். பித்தளைக் கைப்பிடிகள். நான்கு பேர் ஒற்றைக் கையால் பிடித்திருந்தார்கள். சூளைக்காரன் எழுந்து, யாரும் கேட்காமலே இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே போட்டான். பெட்டி அவற்றின்மேல் இறங்கிற்று.

சத்தம் வெறுமையாக இருந்தது.

"பிரான்சுல இருந்து வந்த பெட்டி" என்றான் புதியவன், கூடம் முழுவதும் கேட்கும்படி. சுவரோரத்தில் யாரோ விம்மினார்கள்.

மூடியைத் திறந்தார்கள். சுவரில் சாய்த்தார்கள். உள்ளே வெள்ளைப் பட்டு. ஒரு சின்னத் தலையணை. அதில் குழி விழவில்லை. மகனின் உயரம் தோன் ஒராசியோவுக்குத் தெரியும். தன்னைவிட அரைச்சாண் கூட.

பெட்டி சரியான அளவு.

எழ முயன்றார். புதியவனின் கை தோளில் இருந்தது. லேசான கை. எழ முடியவில்லை.

நுன்சியாத்தா நடந்துபோய் வாசற்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து செபமாலையை எடுத்தாள். மற்றவர்களும் எடுத்தார்கள். "அருள் நிறைந்த மரியே..." தரையைப் பார்த்தபடி தொடங்கினார்கள்.

நால்வரும் கோட்டுகளைக் கழற்றி நாற்காலி முதுகில் மடித்துப் போட்டார்கள். சட்டைக்கையைச் சுருட்டினார்கள். உள்ளறையை நோக்கி நடந்தார்கள். வழி கேட்கவில்லை.

"அசையாதே கண்ணே," என்றாள் ஃபிலோமேனா. ஒப்பாரி நின்றுபோயிருந்தது. வெறும் பேச்சு. "அசையாதே. அசையாதே."

உள்ளறைக் கதவு திறந்தது.

"அப்பா?"

செபத்தின் குரல் உயர்ந்தது. மருந்துக்கடைக்காரரின் மனைவி கண்களை இறுக மூடிக்கொண்டாள். வலை பின்னுகிற சகோதரிகள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். உள்ளே ஏதோ சரிந்தது. பாதாம்கொட்டைகள் கல்தரையில் உருண்டு கூடத்துக்குள் வந்தன. ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார்கள். இன்னும் உரக்க. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி, தெருவுக்குக் கேட்கும்படி, துறைமுகம்வரை கேட்கும்படி, தொண்டை கிழிய, ஒரே குரலாக, அந்தச் செபத்தின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் காதில் விழாதபடி சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் நடுவில், இரண்டு நாற்காலிகளின்மேல், வெள்ளைப் பட்டு விரித்த பெட்டி திறந்து கிடந்தது.