பதினெட்டு எண்ணும்வரை

மனைவி இந்திராணியின் காரியம் முடிந்த மறுநாள் காலையில் புருஷோத்தமன் வண்டியை எடுத்தபோது அது உடனே கிளம்பவில்லை. செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் சுற்றியது, பேட்டரி இறங்கிய வண்டி முனகுமே, அந்த முனகல்கூட இல்லை. சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. சாவியை விடாமல் வாய்க்குள் எண்ணினான். பதினெட்டு வந்ததும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. பதினாறு நாள் நின்ற வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தான். மறுநாளும் பதினெட்டு. அதற்கடுத்த நாளும்.

பழைய டீசல் அம்பாசிடர். இந்திராணி நாலு வருஷம் குவைத்தில் யாரோ வீட்டுப் பாத்திரம் கழுவி அனுப்பிய காசில் வாடகைக்கு ஓட்ட வாங்கியது. விஜயபுரம் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒரு பெண் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. மற்றவர்கள் டேப் ரிக்கார்டரும் கம்பளியும் கொண்டு வந்தார்கள். அவள் அங்கே மாடிப்படியில் விழுந்து உடைத்துக்கொண்ட காலோடு வந்தாள். புத்தூர் எலும்பு வைத்தியரிடம் பச்சிலைக் கட்டு போட்டுக்கொண்டு, கோல் ஊன்றி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள். புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருந்தது அந்த ஒரு மாதம்தான்.

புத்தூர் மெக்கானிக் திருமலையிடம் வண்டியைக் கொண்டுபோனான். திருமலை ஹீட்டர் பிளக் மாற்றினான், டீசல் ஃபில்டர் மாற்றினான், எர்த் வயரைச் சுரண்டி முடுக்கினான். அவன் ஷெட்டில் தொட்டதும் கிளம்பியது. ரேணிகுண்டா ஸ்டேஷன் வாசலில், விடியற்காலைப் பனியிலும் தொட்டதும் கிளம்பியது. வீட்டு வாசலில் மட்டும், மத்தியானம் இன்ஜின் சூடாக இருந்தால்கூட, பதினெட்டு.

"வண்டிக்கு உன் வூடு புடிக்கலபோல கீதுண்ணா," என்று சிரித்த திருமலை, துக்க வீடு என்று நினைவு வந்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஞாயித்துக்கிழமை நானே வந்து பாக்கறேன்."

வந்தான். இன்ஜினில் குறை இல்லை என்று பானெட்டை மூடிவிட்டு, புகையின் நிறத்தைப் பார்க்க வண்டிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டான். புருஷோத்தமன் சாவியைத் திருப்பினான். செல்ஃப் சுற்றும் சத்தம் தெருச் சுவரில் மோதித் திரும்பி வந்தது, எங்கோ ஒரு கோழி அடங்கியது, வேப்பம்பழம் ஒன்று கூரைமேல் விழுந்தது. பதினேழு. பதினெட்டு. பிடித்துக்கொண்டது. திருமலை எழுந்து வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால், கைத்துணியால் துடைத்த விரல்களையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தான்.

"புகை இன்னா நிறம்?"

"புகைய வுடுண்ணா. புடிக்கறதுக்கு மின்ன வண்டி பின்னால ஒரு விரக்கட எறங்குது. யாரோ ஏறிக் குந்தறா மாதிரி."

 திருமலை ஸ்பானர்களை எண்ணெய்ப் பையில் போட்டுக்கொண்டு, டீ கூடக் குடிக்காமல் சைக்கிளை எடுத்தான்.

மறுநாள் புருஷோத்தமன் வண்டியைத் தெருமுனையில், ரேஷன் கடையருகே நிறுத்தி வைத்துக் காலையில் எடுத்தான். நாற்பத்தைந்து எண்ண வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் வயலோரம், பம்ப்செட் பக்கத்தில். விட்டு விட்டு அடித்தான். செல்ஃப் சூடாகிக் கருகல் வாசனை வந்தது. ஐந்து நிமிஷம் கழித்துப் பின்பக்கம் மெல்ல இறங்கியது, வண்டி பிடித்தது. கருகல் வாசனைக்குள் இன்னொரு வாசனையும் இருந்தது. பச்சிலை. முட்டை. புத்தூர்க் கட்டின் வாசனை.

குறை எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் சொல்ல முடியாத குறை.

அவள் செத்த அன்றைக்குக் கட்டு மாற்றும் நாள். ரேணிகுண்டாவில் ரயிலிறங்கும் திருப்பதிச் சவாரி ஒன்றும் இருந்தது. வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டான். "இரு, வந்துகினே கீறேன்," என்று உள்ளேயிருந்து சொன்னாள். கோல் தட்டும் சத்தம் கேட்டது. தட்டல், அப்புறம் ஒரு இழுப்பு. அந்த நடையில் வாசலுக்கு வந்து ஏற அவளுக்குப் பதினெட்டு எண்ணும் நேரம் ஆகும். ஹாரனை இரண்டு தரம் அமுக்கினான். அவன் பொறுத்தது அவ்வளவுதான். "பஸ்ல போயிடு," என்று கத்திவிட்டுக் கிளம்பிப் போனான். கண்ணாடியில்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் திரும்பியபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். "வண்டி பின்னாலயே ஓடியாந்தா, வுழுந்து கால்வாக் கல்லுல மண்ட பட்டுச்சி," என்றாள் பக்கத்து வீட்டுச் செங்கம்மா. அந்தக் காலோடு அவள் ஓடியிருக்கிறாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவளைப் பார்க்க அவன் எதையும் கொடுத்திருப்பான். ஆனால் அவள் பின்சீட்டில் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு ஓட்ட முடியவில்லை. கழுத்துப் பின்புறம் எரிந்தது. வண்டியைத் தொலைத்துவிட வேண்டும். திருச்சானூரில் ஒரு லாட்ஜ்காரர் வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவன் செல்ஃப் அடிக்கவில்லை. டீக்கடையிலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னான். இரண்டாம் கியரில் போட்டுக் கிளட்சை விட்டான். வண்டி குலுங்கிக் கிளம்பியது. பின்பக்கம் இறங்கவில்லை. பதினெட்டு எண்ணவில்லை. நகரி, புத்தூர் தாண்டி ஓட்டும்போது வண்டி லேசாக இருந்தது. வாசனையும் இல்லை. ஒரு பாட்டுகூட முணுமுணுத்தான்.

திருச்சானூரில் லாட்ஜுக்குப் பக்கத்துச் சந்தில் நிறுத்தி அணைத்தான். லாட்ஜ்காரர் வந்து சாவியைத் திருப்பினார். பிடிக்கவில்லை. மெக்கானிக்கைக் கூட்டி வந்தார்கள். தள்ளியும் பார்த்தார்கள். "அந்தா பாகானே உந்தி அன்னா," என்று தலையைச் சொறிந்தான் அவன். எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறதாம். கிளம்பினால் பேசிக்கொள்ளலாம் என்று லாட்ஜ்காரர் போய்விட்டார்.

புருஷோத்தமன் சந்தில் தனியாக நின்றான்.  வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்.

மறுபடி அவளை விட்டுவிட்டு வந்துவிட்டான். அவள் வந்துகொண்டிருக்கிறாள்.

வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறவும் செய்தான். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் உறைத்தது. இதே ரோடுதானே. ரேணிகுண்டாவுக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கேயோ, ரோட்டோரம், எதிரே அவள். இறங்கி வந்துவிட்டான்.

சனிக்கிழமை போயிற்று. வண்டியிலேயே கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறி இறங்கியது. கோயில் பக்கமிருந்து ஒலிபெருக்கி, ஷேர் ஆட்டோக்காரர்களின் கூவல், பூ விற்கும் பெண்களின் சண்டை. அத்தனை சத்தத்துக்கும் அடியில் அது கேட்டது.

ஒரு அடி. ஒரு இழுப்பு.

நின்றது. மறுபடி வந்தது. கோல் தட்டும் சத்தம் இல்லை. கோல் வழியில் எங்கேயோ போயிருக்க வேண்டும்.

சந்து முனையில் ஜனங்கள் தெரியாமலே ஒதுங்கினார்கள்.

அவன் திரும்பவில்லை.

பச்சிலை. முட்டை. புழுதி.

பின்கதவு திறந்தது. வண்டி ஒரு விரற்கடை இறங்கியது. சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. வண்டி கிளம்பியது.

"வந்துட்டேன்," என்றாள். மூச்சு வாங்கியது. "போயிடாத."

கதவு சாத்திக்கொள்ளவில்லை. கட்டுப்போட்ட காலைத் தானாகத் தூக்கி உள்ளே வைக்க அவளால் முடியவில்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தைவிட அது பெரிதாக இருந்தது. இறங்கினான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் அவள் பாதத்துக்கு அடியில் கொடுத்தான்.

கட்டு கணுக்கால்வரை இருந்தது. அதற்குக் கீழே கைக்கு எதுவும் அகப்படவில்லை. ஐம்பது கிலோமீட்டர் ரோடு அதைத் தேய்த்துத் தின்றிருந்தது.