எடையில் தள்ளுபடி

ஆழி நகரத்தில் வாசற்படி பேசும். விருந்தாளி படியில் கால் வைத்ததும் "வாருங்கள்" என்று வரவேற்கும். அடுத்த மூச்சிலேயே அவருடைய எடையை வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி கணீரென்று சொல்லிவிடும். "வாருங்கள், எண்பத்திரண்டு" என்று கேட்டால் போதும், அடுப்படியில் இருப்பவள் எட்டிப் பார்க்காமலே, "சம்பந்தியா? உட்காரச் சொல்லு" என்பாள்.

இதில் குசும்பு ஒன்றும் கிடையாது. ஆழி நகரம் சனிக்கோளைச் சுற்றி வரும் ஒரு பெரிய சக்கரம். அது சுழல்வதால்தான் உள்ளே இருப்பவர்களின் கால் தரையில் பாவுகிறது. ஒரு பக்கம் பாரம் கூடினால் சக்கரம் ஆட்டம் காணும். அதனால் எந்த இடத்தில் எவ்வளவு கனம் என்று சக்கரத்தின் சமநிலையைக் காக்கும் சமன்கூடத்துக்கு எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணம், கூட்டம் என்றால் முதல் நாளே எதிர்ப்பக்கத் தொட்டிகளுக்கு நீரை ஏற்றி வைத்துவிடுவார்கள். எடையைச் சத்தமாகச் சொல்வது மட்டும் முதல் குடியேறிகள் கொண்டுவந்த பழக்கம். ஒளிவுமறைவு இல்லாத ஊராக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்களாம், பாவம்.

வடிவாம்பாளின் வாசல் அவளை எழுபத்து மூன்று என்று சொல்லிவந்தது. அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஏனென்றால் அவளுடைய ஓரகத்தி மஞ்சரி எழுபத்தைந்து. மஞ்சரி நன்றாகப் படித்தவள், நன்றாகப் பாடுவாள், பிறந்த வீட்டார் சொந்தமாகப் பாசித் தோட்டம் வைத்திருந்தவர்கள். அவள் கட்டுகிற புடவையில் சுருக்கம் விழுவதே இல்லை. அந்தக் குடும்பத்துக்கு மூத்த மருமகளாக வந்த வடிவுக்கு இருந்த ஒரே ஆறுதல் இந்த இரண்டு கிலோதான்.

நாத்தனார் கோகிலத்தின் மகள் நித்திலாவுக்குக் கல்யாணம் நிச்சயமான வாரத்தில் மஞ்சரி வந்தாள். "வாருங்கள், எழுபது" என்றது வாசல்.

வடிவு கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன மஞ்சரி, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. கொஞ்சம் வாயைக் கட்டறேன், அவ்வளவுதான்."

அன்றைக்கு வடிவுக்குச் சோறு இறங்கவில்லை. தாய்மாமன் சீர்த்தட்டை எடுத்துக்கொண்டு மாமன்மார் மனைவிகள் இருவரும் ஜோடியாக மண்டபத்துக்குள் நுழைய வேண்டும். சம்பந்தி வீட்டார், ஊர், உறவு எல்லாம் கூடியிருக்கும்போது மண்டப வாசல் இரண்டு எண்களை அடுத்தடுத்துச் சொல்லும். அதைக் கேட்டு ஒரு நாத்தனாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காமல் இருப்பாளா? கல்யாணத்துக்குள் மஞ்சரிக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். வேறு எதுவும் வடிவுக்கு முக்கியமாகப் படவில்லை.

மறுநாளே கடைத்தெருவுக்குப் போய், உடம்பை இளைக்கவைக்கும் இளைப்புத் தின்பண்டங்கள் விற்கும் கடையில் ஒன்று விடாமல் வாங்கிவந்தாள். முதலில் காற்று முறுக்கு. பாசி நுரையை ஊதிக் காயவைத்த பண்டம். கையில் வைத்தால் வைத்ததே தெரியாது. கடித்தால் சத்தம் வராது என்பதால் உள்ளே மணலளவு ஒலிச்சில்லு ஒன்றைப் பொதித்திருந்தார்கள். அது மொறுமொறு என்று நன்றாகத்தான் ஒலித்தது. விழுங்கிய பிறகும் வயிற்றுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் மொறுமொறுத்ததுதான் சங்கடம். பக்கத்து வீட்டில் துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அது ஆரம்பிக்க, எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்து வெற்று அல்வா. தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். உடம்பில் துளியும் ஒட்டாது என்று எழுதியிருந்தது. உண்மையிலேயே ஒட்டவில்லை, வடிவால் அன்று முழுவதும் வீட்டை விட்டு வெளியே வரமுடியவில்லை. அதன் பிறகு நாமயக்கி என்ற வில்லை. அதை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டால் எதைத் தின்றாலும் நெய் வாசம் வரும். இரண்டு நாள் வேகவைத்த சுரைக்காயை நெய்ப்பொங்கல் போலச் சாப்பிட்டாள். மூன்றாம் நாள் பல் துலக்கும்போதும் நெய் வாசம் வந்தது, குமட்டியது.

இத்தனை பாடுபட்டும் முதலில் அரைக் கிலோ ஏறியது. இது இளைப்புப் பண்டம்தானே என்று ஒன்றுக்கு மூன்றாகத் தின்றதன் பலன். பிறகு அதையும் குறைத்து, பசியோடு படுத்து, பசியோடு எழுந்தாள். சக்கரத்தின் சுற்றுப்பாதையில் காலையும் மாலையும் நடந்தாள். புருஷன் உணவு மேசையில் நெய் ஊற்றிக்கொள்வதைப் பார்த்தால் அவளுக்கு அவர்மேல் காரணமில்லாமல் கோபம் வந்தது. எழுபத்தொன்று ஆனாள். எழுபது ஆனாள்.

மஞ்சரி அறுபத்தாறு ஆகியிருந்தாள்.

"என்னதான் சாப்பிடறே நீ?" என்று ஒருநாள் வடிவு வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"நீங்க சாப்பிடறதைத்தான்க்கா நானும் சாப்பிடறேன்," என்றாள் மஞ்சரி.

வடிவுக்கு எரிந்துகொண்டு வந்தது. அதே முறுக்கு, அதே அல்வா, அவளுக்கு மட்டும் நாலு நாலாக இறங்குவானேன்? பாசித் தோட்டத்துக்காரர்களுக்கு மட்டும் கடைக்காரன் தனியாக ஏதாவது தருகிறானா? வடிவு அறுபத்தெட்டுக்கு வந்தபோது மஞ்சரி அறுபத்து மூன்று. வடிவு உயிரைக் கொடுத்து அறுபத்தாறைத் தொட்ட அன்று மாலை, மஞ்சரி கல்யாணப் புடவையைக் காட்ட வந்தாள். "வாருங்கள், அறுபது." புடவை நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வடிவு குளியலறைக்குப் போய் அழுதாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு சமன்பலகையைச் சரிபார்க்க இருவரும் கோகிலம் வீட்டுக்குப் போனார்கள். ஆழி நகரத்துக் கல்யாணங்களில் தாலி கட்டியதும் ஒரு நீண்ட பலகையின் இரு முனைகளிலும் மணமக்களை உட்காரவைப்பார்கள். நடுவில் ஒரு முட்டு இருக்கும். தூக்கி நிற்கிற பக்கத்தில் பூவும் பழமும் வைத்துச் சமன் செய்வார்கள். பலகை ஒழுங்காக ஆடுகிறதா என்று முன்கூட்டியே உட்கார்ந்து பார்ப்பது மாமன்மார் மனைவிகளின் வேலை.

ஒரு முனையில் வடிவு உட்கார்ந்தாள். தான் தரையில் அமர்ந்திருக்க, மஞ்சரி மேலே மிதப்பாள் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். மறுமுனையில் மஞ்சரி உட்கார்ந்தாள். வடிவு விருட்டென்று மேலே போனாள். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின.

மேலே இருந்தபடி வடிவு கீழே பார்த்தாள். கீழே இருந்தபடி மஞ்சரி வேறெங்கோ பார்த்தாள்.

"பலகை கோணலா இருக்குக்கா," என்றாள் மஞ்சரி.

"இடம் மாறி உக்காந்து பாப்போமா?"

"தலைவலியா இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாம்."

வடிவு நேராகச் சமன்கூடத்துக்குப் போனாள். அங்கே பொறுப்பில் இருந்தவர் தவமணி. வழுக்கைத் தலை, எப்போதும் தூக்கம் கெட்ட கண்கள்.

"வாசல் பொய் சொல்லுமா அண்ணே?"

"கணக்குல பொய் ஏறாதும்மா. ஏறினா சக்கரம் ஆடிரும்."

"நான் கணக்கைக் கேக்கலை. அது வாயால சொல்றதைக் கேக்கறேன்."

தவமணி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "வேணும்னு கேட்டா, சொல்ற எண்ணுல மட்டும் கொஞ்சம் தள்ளுபடி போட்டுக் குடுப்போம். எந்த வாசல்ல ஏறினாலும் அந்தத் தள்ளுபடி அவங்களோடயே போகும். யாரு கேட்டாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

"மஞ்சரிதானே?"

"கேக்காதீங்கன்னு இப்பத்தானம்மா சொன்னேன்."

பூமியில் வாழ்ந்த மூதாதையர் தங்கள் முகத்தைத் திருத்திய படங்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, அடுத்தவர் திருத்தி அனுப்பிய படத்தைப் பார்த்து ஏங்கினார்கள் என்று ஆழி நகரத்துப் பள்ளிகளில் ஒரு பாடம் உண்டு. பிள்ளைகள் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வடிவும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். இப்போது அவளுக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை. அத்தனை பசியும் ஒன்றாகத் திரண்டு நெஞ்சில் நின்றது.

"கல்யாண மண்டப வாசல்ல ஒருத்தருக்கும் தள்ளுபடி கூடாது. புகாரா எடுத்துக்குங்க," என்றாள்.

"வேண்டாம்மா. நல்ல காரியம் நடக்கிற இடம்."

"உள்ளதைச் சொன்னா நல்ல காரியம் கெட்டுப்போயிருமா அண்ணே?"

தவமணி புகாரை எழுதிக்கொண்டார். மண்டப வாசலைப் பற்றிக் கல்யாண வீட்டார் புகார் கொடுத்தால் மறுக்கக் கூடாது. கொடுத்தவரே திரும்ப வாங்கிக்கொண்டால் ஒழிய அதை மாற்றவும் கூடாது. சமன்கூடத்தின் விதி அது.

கல்யாணத்தன்று நாதஸ்வரம் முழங்க, முதலில் மாப்பிள்ளையின் பெரியப்பா கம்பீரமாக வந்தார். ஊரில் எழுபத்தெட்டு என்று பெயர் பெற்ற மனிதர். படியில் கால் வைத்தார்.

"வாருங்கள், தொண்ணூற்று நான்கு."

அவர் காலைப் பின்னால் எடுத்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி வைத்தார். வாசலும் மறுபடி அதையே சொன்னது. "கதவு கெட்டுப்போயிருக்கு," என்று அவர் பொதுவாகச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் மனைவி ஏறினாள்; அவளும் கதவு கெட்டுப்போனதை உறுதி செய்தாள். அடுத்து வந்த பாட்டு வாத்தியாருக்கும் கெட்டுப்போயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் படியை நெருங்கவில்லை. ஒருத்தி புடவை மாற்றிக்கொண்டு வருவதாகப் போனாள். ஒருவர் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகப்பட்டார். கும்பல் கும்பலாக ஆட்கள் வீட்டைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"அண்ணி, நீங்க ரெண்டு பேரும் சீரை எடுத்துட்டு உள்ள போங்க. உங்களைப் பாத்தாவது எல்லாரும் வரட்டும்," என்று கோகிலம் பதறினாள்.

வடிவு தட்டை எடுத்தாள். பக்கத்தில் மஞ்சரி. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வடிவு இத்தனை நாள் பட்டினி கிடந்தாள்.

"வாருங்கள், அறுபத்தாறு," என்றது வாசல், தட்டின் எடையைக் கழித்து, துல்லியமாக.

வடிவு திரும்பிப் பார்த்தாள். படிக்கு அந்தப் பக்கம் மஞ்சரி ஒரு காலைத் தூக்கியபடி நின்றாள். அந்தக் கால் கீழே இறங்கவே இல்லை.

"தட்டுல ஒரு பழம் குறையுதுக்கா. எடுத்துட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு மஞ்சரி போய்விட்டாள்.

மண்டபத்தில் வடிவு மட்டும் நின்றாள். வரிசை வரிசையாக நாற்காலிகள், வாடாத மாலைகள், மேடையில் தனியாகப் புகை விசிறிக்கொண்டிருந்த ஐயர். ஊர் கூடும் மண்டபத்தில் முதல் தடவையாக அவள் உழைத்துச் சம்பாதித்த எண்ணை வாசல் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்க ஓர் ஆள் இல்லை. அவளுக்கு அழுகை முட்டியது.

அப்போது தரை மெல்லச் சாய்ந்தது. பந்தியில் பரிமாறி வைத்திருந்த பாயசம் இலையின் ஓரத்துக்கு நகர்ந்தது. மண்டபம் நிறைய ஆள் இருக்கும் என்று எதிர்ப்பக்கம் நீரை ஏற்றி வைத்திருந்தார்கள். ஆள் இல்லாமல் நீர் மட்டும் இருந்தது.

தவமணி ஓடிவந்தார். அவர் பின்னால் கோகிலம், கண்ணெல்லாம் சிவந்து. "நீரைத் திருப்ப அரை நாள் ஆகும்மா. ஆளுங்க உள்ள வந்தாத்தான் சரியாகும். புகாரை வாபஸ் வாங்கிக்குங்க," என்றார்.

"முகூர்த்தம் போயிட்டிருக்கு அண்ணி. என் பொண்ணு உள்ள உக்காந்து அழறா," என்றாள் கோகிலம். "கதவுக்கு என்ன ஆச்சுன்னே தெரியலையே."

"கதவு சரியாத்தான் இருக்கு," என்று வடிவு சொல்ல வாயெடுத்தாள். கோகிலத்தின் முகத்தைப் பார்த்தாள். போன மாதம் வாசல் அறுபத்து நான்கு என்று சொன்ன கோகிலத்தின் பருத்த இடுப்பையும் பார்த்தாள். பிறகு தவமணியைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

"எத்தனை பேருக்கு அண்ணே?"

தவமணி தரையைப் பார்த்தார். "கேக்காத வீடு ஒண்ணுதாம்மா ஊர்ல. ஒவ்வொருத்தரும் தான் மட்டும்தான் கேக்கறோம்னு நினைக்கறாங்க. சில பேர் உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போன மறுநாளே வந்து, இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொல்லுவாங்க. உங்க எண்ணு இறங்க இறங்க அவங்களுக்குத் தூக்கம் வரலையாம்."

சில பேர் யார் என்று அவர் சொல்லவில்லை. வடிவுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது, கடைசியில் தித்திப்பாக ஒன்று வந்தது. மஞ்சரியும் தூங்கவில்லையா?

"வாபஸ் வாங்கிக்கறேன்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் போட்டுருங்க."

"எவ்வளவு போடணும்?"

"அவளை விட ஒண்ணு குறைச்சலா வரணும். அவ எவ்வளவுன்னு நீங்க சொல்ல வேண்டாம், போட்டா மட்டும் போதும்."

"எல்லாரும் இதையேதான் கேக்கறாங்க," என்று தவமணி பெருமூச்சு விட்டார்.

கதவைப் பழுது பார்த்தாயிற்று என்று சொல்லி அனுப்பியதும் ஊர் திரும்பி வந்தது. பெரியப்பா எழுபத்தெட்டாக நுழைந்தார். பாட்டு வாத்தியார் புன்னகையோடு வந்தார். பாயசம் இலையின் நடுவுக்குத் திரும்பியது. வடிவு வெளியே போய், திரும்பி வந்திருந்த மஞ்சரியோடு சேர்ந்து தட்டோடு மறுபடி படியேறினாள். "வாருங்கள், அறுபது," என்று வாசல் மஞ்சரியைச் சொன்னது. "வாருங்கள், ஐம்பத்தொன்பது," என்று வடிவைச் சொன்னது. மஞ்சரியின் தட்டு லேசாக ஆடியதை வடிவு பார்த்தாள்.

தாலி கட்டியாயிற்று. பந்தியில் வடிவு பல மாதம் கழித்து நெய் லட்டைக் கையில் எடுத்தாள். இனி எதற்குப் பட்டினி? எதிர் வரிசையில் மஞ்சரி அவளையும் லட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

வடிவின் கண் அவள் பின்னாலேயே போயிற்று. மண்டபத்தின் மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தவமணி இலை போட்டுத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் பின்னால் ஒரு வரிசை நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா, அவர் மனைவி, பாட்டு வாத்தியார், கோகிலம். ஒவ்வொருவராகக் குனிந்து அவர் காதில் எதையோ சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். மஞ்சரி வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

கையில் இருந்த லட்டு வடிவுக்குக் கசந்தது. அதை இலையில் வைத்துவிட்டு எழுந்து போய், மஞ்சரிக்குப் பின்னால் நின்றாள்.

மஞ்சரி திரும்பிப் பார்த்தாள். "என்னக்கா இங்க?"

"தண்ணி குடிக்க வந்தேன்," என்றாள் வடிவு. "நீ?"

"நானும் அதுக்குத்தான்க்கா."