ராஜாவுக்கு ஒதுக்கிய மரம்

நவம்பர் மாதக் கடைசியில், டார்கஸ் பெட்டிங்கில் என்பவள் ஏலத்திலிருந்து வீடு திரும்பியபோது, காரின் பின்சீட்டில் கம்பளிப் போர்வைக்குள் ராஜாவும் கூடவே வந்தார். நேரில் அல்ல. கடல் கடந்து ஆண்ட அவர் பெயரால் காலனிக் காலத்துக் கவர்னர் கையெழுத்துப் போட்டு, சிவப்பு அரக்கு முத்திரை குத்திய நிலப் பட்டயமாக. வெல்டன் கிராமத்தில் பாதியை பெட்டிங்கில் குடும்பத்து மூதாதைக்கு எழுதிக்கொடுத்த அதே தோல் ஏடு.

ஏலத்தில் அவளோடு கடைசிவரை மல்லுக்கு நின்றது ஊர் வரலாற்றுச் சங்கம். அதன் தலைவி லவினியா, டார்கஸின் கணவன் சைலஸுக்குக் கூடப்பிறந்த அக்காள். நாத்தனாரைத் தோற்கடித்த சந்தோஷம் பட்டயத்தைவிடப் பெரிது என்று தபால் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். பொய்யில்லை.

மறுநாளே லவினியா வந்துவிட்டாள்.

"படிச்சுப் பாத்தியா, இல்ல கண்ணாடி போட்டு மாட்டினதோட சரியா?"

"நீங்களே படிங்க. கைவிட்டுப் போன ஏக்கமாவது தீரட்டும்."

லவினியா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். நிலம் உனக்கு, உன் வாரிசுகளுக்கு. ஆனால் கப்பலுக்குப் பாய்மரமாகத் தக்க பைன் மரமெல்லாம் ராஜாவுக்கு.

சைலஸையும் சேர்த்து மூவரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? வெல்டனில் பழைய வீடு ஒவ்வொன்றிலும் மாடித் தளம் ராஜாவிடமிருந்து திருடிய பைன் பலகைதான். விருந்தாளி வந்தால் மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது இங்கே மரியாதை. பலகை எவ்வளவு அகலமோ, குடும்பம் அவ்வளவு உசத்தி. சைலஸின் படுக்கையறையில் கிடந்தவைதான் ஊரிலேயே அகலமானவை.

சைலஸ் ஆறரை அடி உயரம். தாழ்ந்த வாசல்களில் குனிந்து குனிந்தே கூன் விழுந்த மனிதர். அவர் மாடியைப் பார்த்துக் கையை ஆட்டினார். "மரம் எங்க படுக்கைக்குக் கீழ கிடக்கு. வேணும்னா ராஜாவை வந்து எடுத்துக்கச் சொல்லு."

"ராஜா அந்தக் காலத்துலயே ஆளை அனுப்பினாரே," என்றாள் லவினியா. "கயித்தால சுத்தளவு பாத்து, கோடாலியால மூணு வெட்டு, கோழிக்கால் மாதிரி குறி போடுறவன். நம்ம வீட்டுலதான் கடைசியா சாப்பிட்டானாம்."

"திரும்பிப் போயிட்டான்னு சொல்வாங்களே," என்றார் சைலஸ்.

"சொன்னது யாரு? நம்ம ஆளுங்கதானே." அவள் சோள ரொட்டியில் மேப்பிள் பாகை ஊற்றிக்கொண்டாள். "குறி போட்ட மரத்தை உடனே வெட்ட மாட்டாங்களாம். பனி விழுறவரைக்கும் காத்திருப்பாங்க. மெத்தை மாதிரி பனி கிடந்தாத்தான் விழுற மரம் உடையாது."

திங்கட்கிழமை வீட்டில் ஒரு வாசனை. அப்போதுதான் அறுத்த பைன் மரத்தின் பச்சை வாசனை. மாடியில் டார்கஸின் காலுறை தரையோடு ஒட்டிக்கொண்டது. இருநூறு வருஷம் காய்ந்த பலகை பிசின் கசிந்துகொண்டிருந்தது.

மாலை நாலு மணிக்கே இருட்டிவிட்டது. இருவரும் அடுக்களையில் இருந்தார்கள்.

டக்.

டக்.

டக்.

"எலி," என்றார் சைலஸ்.

"எலி கோடாலி வச்சிருக்குமா?"

டார்கஸ் விளக்கோடு மாடி ஏறிப் பார்த்தாள். ஜன்னலோரப் பலகையில் மூன்று வெட்டு. ஒரு புள்ளியில் கூடி விரிந்தவை. உள்ளே மரம் வெண்ணெய் நிறத்தில் பளபளத்தது.

செவ்வாய்க்கிழமை நடுப்பலகையில்.

புதன்கிழமை கட்டிலோரம், சைலஸ் படுக்கும் பக்கம்.

அன்றே பட்டயத்தைக் கழற்றியிருக்கலாம். ஆனால் சனிக்கிழமை சங்கத்துப் பெண்கள் எல்லோரும் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்குமுன் லவினியாவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதா? டார்கஸ் வெட்டுகளின்மேல் ஒரு கம்பளத்தை விரித்தாள். கணவனிடம் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை தாண்டட்டும் என்றிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை சைலஸ் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரி என்னைக் கட்டிப்பிடிச்சியா?"

"இந்த வயசுலயா?"

"நெஞ்சைச் சுத்தி ஏதோ இறுக்கிச்சு. கயிறு மாதிரி. சில்லுனு."

டார்கஸ் மேல்கோட்டுகூடப் போடவில்லை. பட்டயத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, தெருவே பார்க்க, நாத்தனார் வீட்டுக்கு நடந்தாள்.

"வச்சுக்கங்க."

லவினியா குத்தலாக ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டார்கஸின் விரல்களில் பிசின் ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பட்டயத்தைச் சட்டத்தோடு வாங்கி, வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கொட்டகையில் வைத்துப் பூட்டினாள்.

அன்று மாலை சத்தம் இல்லை. வாசனையும் போய்விட்டது. டார்கஸ் பல நாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோர் கண்ணும் சைலஸ்மேல்தான்.

"என்ன சைலஸ், கூன் எங்க போச்சு? மாப்பிள்ளை மாதிரி நிக்கிறீங்க."

உண்மைதான். அவர் நெட்டுக்குத்தலாக நின்றார். வெளியே வரும்போது நெற்றி நிலைப்படியில் மோதியது. அப்போதும் குனியவில்லை.

வீட்டில் காலணியைக் கழற்ற அவரால் வளைய முடியவில்லை. டார்கஸ்தான் கழற்றினாள். பிறகு சட்டையை உருவினாள். முதுகில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

இழுத்தாள்.

தோள்களுக்கு நடுவே மூன்று வெட்டு. ஒரு புள்ளியில் கூடி விரிந்தவை. ரத்தம் இல்லை. தேன் நிறத்தில் ஒரு துளி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அறை முழுக்கப் பச்சை மரத்தின் வாசனை.

"என்ன பாக்குற?"

"ஒண்ணுமில்ல. சட்டை மடிப்பு பதிஞ்சிருக்கு."

அவர் எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி சத்தமில்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லா விழுது," என்றார் சைலஸ். கழுத்தைத் திருப்பவில்லை. "இன்னும் கொஞ்சம் ஆழம் வேணும்."