இடக் கன்னத்து நிழல்

மாடி ஏறி வந்த அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நான்கு போட்டோக்களை எடுத்து மேசையில் வைத்தார். நான்கிலும் ஒரே சிறுமி. எட்டு வயது இருக்கும். நான்கிலும் ஃபிளாஷ் நேராக முகத்தில் அடித்து, மூக்கும் கன்னமும் ஒன்றாகி, முகம் வெறும் வெள்ளைக் காகிதமாக இருந்தது.

"போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. எங்கிட்ட இருக்கறது இவ்வளவுதான் சார்."

ஓவியர் தலையாட்டினார். போட்டோவைப் பார்த்து ஆளை வரைவதில் அவருக்கு இருபது வருடப் பழக்கம். வழுக்கைக்கு முடி வைத்திருக்கிறார். முகம் பார்த்துப் பேசாத அண்ணன் தம்பியைத் தோளோடு தோள் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். இது என்ன பிரமாதம் என்றுதான் நினைத்தார்.

பத்து நாளில் முடித்துக் காட்டினார். அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார்.

"ஜாடை அப்படியே இருக்கு சார். ஆனா அவ இல்ல."

அழவில்லை. அழுதிருந்தால்கூட ஓவியருக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அந்த அம்மா போனபின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் நிறம் மங்கி, எது இருட்டு, எது வெளிச்சம் என்பது மட்டும் மிஞ்சும். முகமும் பின்சுவரும் ஒரே சாம்பலாகத் தெரிந்தன. பிள்ளை அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நட்டநடுவில் நின்றாள். தப்பு புரிந்துவிட்டது. உருவத்தை ஓரமாக நகர்த்தி, பக்கத்தில் ஒரு ஜன்னல் வைத்து, சுவரை இருட்டாக்கி, பாதி முகத்துக்கு நிழல் கொடுக்க வேண்டும். ஆனால் போட்டோவில் நிழலே இல்லையே, எதைப் பார்த்துப் போடுவது? நிழல் பார்த்து வரைய அவர் வைத்திருந்த பிளாஸ்டர் தலைச் சிலைக்கு மூக்கு உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. உடைத்தது அவருடைய ஒரே மகள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. வீட்டில் கூப்பிடுவது வாலு என்றுதான்.

உடைத்தவளையே ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"ஜன்னல் ஒன் வலப்பக்கம் இருக்கணும். ஆடக் கூடாது."

"எவ்ளோ நேரம்ப்பா?"

"மூக்கை ஒடச்சதுக்கு மூணு நாள் காலையில ஒக்காரு."

மூன்று நாளும் அதிசயமாக ஆடாமல் உட்கார்ந்தாள். மூக்கின் கீழ் நிழல், தாடையின் கீழ் நிழல், இடக் கன்னத்தை மூடிய பெரிய நிழல் என்று ஒவ்வொன்றாக அவளிடமிருந்து எடுத்து அந்தச் சிறுமியின் முகத்தில் வைத்தார். மூன்றாம் நாள் முடிவில், படத்திலிருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது. ஓவியருக்குத் தலைகால் புரியவில்லை. "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாங்கம்மா" என்று போன் செய்துவிட்டார்.

மறுநாள் காலை வாலு பல் துலக்கிவிட்டு மாடிக்கு வந்தாள்.

"அப்பா, கண்ணாடியில என் மூக்கு தெரியல."

சிரித்தார். பிறகு பார்த்தார்.

மூக்கு இருந்தது. மூக்கின் கீழே நிழல் இல்லை. தாடையின் கீழேயும் இல்லை. ஜன்னலோரம் நிறுத்தினார். வெயில் ஒரு பக்கம்தான் விழுந்தது. முகம் இரண்டு பக்கமும் ஒரே வெளுப்பாக இருந்தது. கண்ணைச் சுருக்கினார். முகம் இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

மனைவி பாதிப் படியில் நின்று குரல் கொடுத்தாள். "ஏங்க, பிள்ள ரொம்ப வெளுத்திருக்கா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாமா?"

அவர் பிள்ளையின் கையைப் பிடித்தார். சில்லிட்டிருந்தது.

மணி பத்தரை. எதிரே அந்த அம்மா ஒரு வருடமாக ஏங்கிய முகம். பக்கத்தில் தான் பெற்ற பிள்ளை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்த அம்மா பாவம்தான். ஆனாலும் பெயின்ட் வழிக்கும் கத்தியை எடுத்தார்.

"ஸ்டூல்ல ஒக்காரு கண்ணு."

வழிக்க வழிக்க, பெயின்ட் கரைக்கும் டர்பன்டைன் வாடையோடு வேறொரு வாடையும் எழுந்தது. நாள்கணக்கில் காய்ச்சலோடு ஒருவர் படுத்திருந்த அறையின் வாடை.

கன்னத்தை வழித்தார். திரும்பிப் பார்த்தார்.

வாலுவின் இடக் கன்னத்தில் லேசாக நிழல் படிந்திருந்தது.

மூக்கை வழித்தார். மூக்கு வந்தது.

தாடை. கழுத்து.

படத்தில் வெறும் துணி மிஞ்சியபோது, ஸ்டூலில் பிள்ளை முழுசாக உட்கார்ந்திருந்தாள். கத்தியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"போதும்டா, எறங்கு. அந்தப் பக்கம் திரும்பு, அப்பா பாக்கறேன்."

திரும்பினாள். இப்போது ஜன்னல் அவளுக்கு இடப்பக்கம். வெயில் நேராக இடக் கன்னத்தில் விழுந்தது.

நிழல் அங்கேயே இருந்தது.

கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பினார், கதவுப்பக்கம் திருப்பினார். அது நகரவில்லை. அவர் கையால் போட்ட அதே வடிவத்தில், போட்ட இடத்திலேயே இருந்தது.

"வாலு?" என்றார்.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் முகம் மலர்ந்தது.

"எங்கம்மா வந்துட்டாங்க, அங்கிள்" என்று கிசுகிசுத்துவிட்டு, கதவைத் திறக்க ஓடினாள்.