ஒன்பதாம் லைன்

பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. இது நட்டநடுப் பகலில் நடந்தது.

உறுவையாறில் பழைய ரைஸ்மில்லுக்குள் ஒரு சின்னப் பட்டறை. வயல் மோட்டாரை ஓட்டி நிறுத்தும் பெட்டிகள் அங்கே தயாராகும். சாப்பாட்டு டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு சரண்யா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பெட்டியை இயக்கும் அடிப்படைப் புரோகிராமான கெர்னலுக்குள் பயனற்றுக் கிடக்கும் இன்டரப்ட் புரோகிராம்களைக் கழிப்பது அன்றைய வேலை. ஒரு ஒயர் கூப்பிட்டால், செய்வதைப் போட்டுவிட்டு மெஷின் காது கொடுக்க வேண்டும். அந்தக் காதுதான் இந்தப் புரோகிராம்.

ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு லைன். ஒன்பதாம் லைன் கிணற்றுக்குள் தொங்கும் கயிற்றுடையது. உள்ளே இறங்கியவர் மூன்று முறை இழுத்தால் மோட்டார் நிற்க வேண்டும். ஒரு முறை இழுத்தால், ஏறி வந்துவிட்டார் என்று அர்த்தம். இப்போது கிணறு போய் எங்கும் போர்வெல்தான். புதுப் பெட்டியில் அந்த ஒயரைச் செருக ஓட்டைகூடக் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன், செல்லிப்பட்டுக் கிணற்றில் சரண்யாவின் அப்பா சாமிக்கண்ணு மூன்று முறை இழுத்தார். மோட்டார் நிற்கவில்லை. தண்ணீரில் கரண்ட் பாய்ந்து செத்தார்.

"அதத் தூக்கிடும்மா, சும்மா குப்ப," என்றார் முதலாளி தமிழ்க்குமரன்.

பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். மேசையருகே இருந்த மோட்டாரை ஓட்டிப் பார்த்தாள்.

பாசி நாற்றம் வந்தது.

திரையில் ஒரு வரி: ஒன்பதாம் லைன் கூப்பிடுகிறது, யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் இழுப்பை எண்ணும் எண் நகர்ந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

சற்று ஓய்ந்து, மறுபடி மூன்று.

"இன்னாண்ணே இது? ஒயரே இல்லியே!"

தமிழ்க்குமரனுக்கு வேர்த்துக் கொட்டியது. "செல்லிப்பட்டுல காத்துல கயிறு ஆடி ஆடி மோட்டாரு நின்னுக்கினே இருந்திச்சு. ஆளுங்க திட்டுனாங்க. அன்னிக்கு நான்தாம்மா ஒயர உருவி வுட்டேன்... அந்த லைன அடச்சிடு, சீக்கிரம்."

"அன்னிக்கு அடச்சது போதாதா? மாட்டேன். வேலைய வுட்டுத் தூக்கறதுன்னா தூக்கிக்கோ."

அழித்ததை எல்லாம் திரும்பப் போட்டாள். மோட்டாரை ஓட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

மோட்டார் நின்றது.

அப்புறம் அந்த எண் ஒரே ஒரு முறை நகர்ந்தது: ஒரே ஒரு இழுப்பு.

முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டியது. தமிழ்க்குமரன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார். சரண்யா ஓடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஸ்டூலைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு, டப்பாவைத் திறந்தாள்.

"உக்காருப்பா. சாப்டலாம்."

ஸ்டூல், பாரம் தாங்கி முனகியது.