பிடுங்கிப் போட்ட கத்தரிச் செடிகள்

“அத்தனை செடியையும் புடுங்கிப் போட்டுட்டு கல்லு மாரி நிக்கிறியே... நீயெல்லாம் ஒரு பொம்பளையா?”

விடிந்ததும் விடியாததுமாக மாமியார் கண்ணகி போட்ட கூச்சலில் வீடே கொல்லைக்கு ஓடி வந்தது. நேற்றுவரை காய்த்துக் குலுங்கிய கத்தரிப் பாத்தி வெறுமையாகக் கிடந்தது. செடிகளைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள் மூத்த மருமகள் தமிழ்ச்செல்வி.

“புள்ளத்தாச்சி ஆசையா கத்தரிக்கா கொழம்பு கேட்டா... அது பொறுக்கலையாடி உனக்கு? உன் வயித்துல ஒண்ணு தங்கலன்னா அதுக்கு அவ இன்னா பண்ணுவா?”

சின்ன மருமகள் வசுமதி வயிற்றைக் கையால் மூடிக்கொண்டு பின்வாங்கினாள். மாமியாரின் சொல்லைவிட அதுதான் தமிழ்ச்செல்வியைக் குத்தியது.

“வாயத் தொறந்து பேசேன்! ஏன் புடுங்கின?” என்று கணவன் ஹரிஹரன் கத்தினான்.

“பூச்சி வுழுந்துடுச்சிங்க...”

வேறென்ன சொல்வாள்? இருட்டோடு எழுந்து வந்தபோது அந்தப் பாத்தியில் இரண்டு கோழிகள் விறைத்துக் கிடந்தன. இலையை முகர்ந்து பார்த்தாள். வேர்க்கடலைக்கு அடிக்கிற பூச்சிமருந்தின் நெடி! முந்தின நாள்தான் கத்தரிக்கு வேப்பெண்ணெய் அடித்ததாக அத்தை சொல்லியிருந்தாள். கண்ணில் புரை விழுந்தவள், புட்டியை மாற்றி எடுத்துவிட்டாள். மாமனார் போனபிறகு இந்தத் தோட்டம்தான் அத்தைக்கு எல்லாம். விஷயம் தெரிந்தால் ஹரிஹரன் அவளை இந்தப் பக்கமே விடமாட்டான். புட்டியை எடுத்து ஒளித்துவிட்டால் போதும் என்று வீடெல்லாம் தேடினாள். கிடைக்கவில்லை. கோழிகளைக் குழியில் போட்டு, அவற்றின் மேல் செடிகளைப் பிடுங்கிப் போட்டாள்.

அன்று அவள் கையால் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

சாயங்காலம் வசுமதி கொல்லையில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணகி தன் பெட்டிக்குப் பின்னால் வைத்திருந்த புட்டியோடு வந்தாள்.

“பூச்சி வுழுந்துடுச்சாமே! கீரையவாவது காப்பாத்தலாம்...” என்று மூடியைத் திருகினாள்.

“அத்தே! ஊத்தாதீங்க!”

துவைத்துக்கொண்டிருந்த தமிழ்ச்செல்வி பாய்ந்து வந்து புட்டியைப் பிடுங்கினாள். மருந்து அவள் கையிலிருந்து தோள்வரை கொட்டியது. நெடி கொல்லையெங்கும் பரவியது.

“அக்கா! இது வேப்பெண்ணெ இல்லியே...” என்று அலறினாள் வசுமதி.

கண்ணகியின் முகம் வெளுத்தது. “அப்ப... நேத்து கத்தரிக்கு நான் அடிச்சது...?”

தமிழ்ச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அடிப்பாவி... ஏண்டி சொல்லல?”

“சொன்னா அவரு உங்கள தோட்டத்துக்கே வுடமாட்டாரு அத்தே...”

பேசும்போதே அவள் நாக்கு குழறியது. கண்கள் செருகின. கண்ணகி அவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ஹரிஹரன் ஆட்டோவைக் கூப்பிட ஓடினான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், “கண்ணைத் தொறடி... என்னத் திட்டவாவது தொறடி...” என்று மடியில் கிடந்தவளிடம் புலம்பிக்கொண்டே போனாள் கண்ணகி.

தமிழ்ச்செல்வி கண் திறக்க மறுநாள் மத்தியானம் ஆனது. வசுமதி அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“என் கையாலேயே என் வூட்ட அழிக்கப் பாத்தேனே... உன்னப் போயி அப்படிப் பேசிட்டேனே...” என்று மருமகளைக் கட்டிக்கொண்டு கதறினாள் கண்ணகி. “இனிமே தோட்டம் உன்னுது. நீ சொல்றதத்தான் செய்வேன், போ!”

தமிழ்ச்செல்வி காய்ந்த உதட்டை மெல்ல அசைத்தாள்.

“அப்ப... மொதல்ல கண்ணு ஆபரேஷனுக்கு வாங்க அத்தே.”

இத்தனை நாளும் மாட்டேன் என்று அடம்பிடித்தவள், முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தலையாட்டினாள்.