கடுகு வெடிக்காத ஊர்

"நாளைக்குக் கூட்டம். பேச வேண்டியவன் இன்னைக்குப் போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருக்கான்," என்றார் ரத்தினபாய். செருப்பைக் கழற்றுவதற்குள் பாதி விஷயம் வெளியே வந்துவிட்டது.

"முதல்ல உட்காருங்க டீச்சர்."

"உட்கார நேரமில்ல மேடம்."

"நேரமில்லாதவங்கதான் உட்காரணும். நின்னுகிட்டே சொன்னா நடுவுல எதையாவது விட்டுடுவோம்."

கிழக்குத் தாம்பரத்தில் அந்த வீட்டைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் வருவார்கள். ஞானஜோதி இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். எரிந்த கிடங்குக்குள் போய், தானாக எரிந்ததா, எரிய வைத்தார்களா என்று சொல்வது அவர் வேலை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பட்டு மாமி அவருக்குத் துணை. உண்மை தெரிவதற்கு முன்பே குற்றவாளியைப் பிடித்துவிடுவது மாமியின் வழக்கம். வழக்கு முடிவதற்குள் குறைந்தது மூன்று பேரைப் பிடித்துவிடுவார்.

ரத்தினபாய் உட்கார்ந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. சொந்த ஊர் பொத்தேரிக்கு மேற்கே மதகுப்பட்டு. புதிதாக வரப்போகும் அதிவேக ரயிலுக்கு அந்த ஊர் ஏரிக்கரை வழியாகப் பாதை போட்டிருந்தார்கள்.

"சரியா மதகு மேலயே போகுது மேடம். மதகு போச்சுன்னா ஏரி போச்சு. ஏரி போச்சுன்னா கீழ இருக்கிற வயல் அத்தனையும் போச்சு. ரயிலே வேணாம்னு நாங்க சொல்லல. எங்க ஏரியைத் தள்ளிப் போகட்டும்னு சொல்றோம். கேட்டுக் கேட்டு, நாளைக்கு ஒரு குழு நேர்ல பார்க்க வருது. ஊர் சார்பா பேசப்போறது சுகுமார். எங்கிட்ட படிச்ச பையன், இப்போ விவசாயம்."

"அவர் மேல என்ன புகார்?"

"மதகு மேல நட்டிருந்த அளவுக் கல்லை எல்லாம் யாரோ பிடுங்கி ஏரிக்குள்ள தள்ளிட்டாங்க. நேத்துக் காலைலதான் தெரிஞ்சுது. பக்கத்துல சுகுமார் பேர் வெட்டின கேரியர் அடுக்கு ஒண்ணு கிடந்துச்சு. ஹரிபிரசாத்னு ஒரு மனை புரோக்கர், மேடவாக்கத்துல இருந்து வர்றவர், சுகுமாரைக் கடப்பாரையோட பார்த்தேன்னு சொல்றார். வழக்குப் பதிவாச்சுன்னா குழு வராது. கலவரம் பண்ற ஊருன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. எங்களைக் கேக்க இன்னொரு தடவை யாரும் வரமாட்டாங்க."

பட்டு மாமி காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "ஜோதி, நான் புடவையை மாத்திண்டு வந்துடறேன். பண்ணினது அந்த ரயில்காராதான்."

"கல்லை நட்டவங்களே பிடுங்குவாங்களா பட்டு?"

"அதையும் போய்க் கேட்டுடலாமே."

மதகுப்பட்டில் ரத்தினபாய் வீட்டுக் கூடத்தில் ஓர் இளைஞன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரயில் பாதைக்கு அளவெடுக்கும் எஞ்சினியர், பெயர் ஃபிரெடி.

"இவரா? இங்கயா சாப்பிடறார்?" என்றார் பட்டு மாமி.

"பாதை போட்டது வேற யாரோ. வெயில்ல நிக்கறது இந்தப் பிள்ளைதான," என்றார் ரத்தினபாய். "நீங்களும் உட்காருங்க."

இரண்டு வாய் சாப்பிட்டதும் மாமியின் முகம் மாறியது. "தப்பா நினைச்சுக்காதேள் டீச்சர். ரசத்துக்குத் தாளிக்க மறந்துட்டேளா? குழம்புலயும் ஒரு கடுகு இல்லையே!"

ரத்தினபாய் சிரித்தார். "மறக்கல மாமி. ஊர்ல மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. காப்பு இறக்கற வரைக்கும் எந்த வீட்டுலயும் தாளிக்கக் கூடாது. தாளிச்ச சோறு ஊர் எல்லைக்குள்ளயே வரக்கூடாது."

"நீங்க சர்ச்சுக்குப் போறவாளாச்சே!"

"அதனால என்ன? பெரிய வெள்ளிக்கிழமை எங்க கோயில்ல மணி அடிக்காது. அன்னைக்கு அவங்க வீட்டு மேளமும் உறையை விட்டு வெளிய வராது. அவங்க வாணலி சும்மா இருக்கறப்போ என் வாணலியில மட்டும் கடுகு வெடிச்சா, என் காதுக்கே அது நல்லா இருக்காது."

"காப்புக் கட்டின முதல் நாள் நானும் இதைத்தான் கேட்டேன் மாமி," என்றான் ஃபிரெடி. "பார்சல் பிரியாணியோட வந்தவனை எல்லையிலயே நிறுத்திட்டாங்க. அங்கயே நின்னு சாப்பிட்டுட்டு வந்தேன்."

ஞானஜோதி மோரை ஊற்றிக்கொண்டார். "தம்பி, சுகுமாரோட கேரியர் அடுக்கை நீங்க பார்த்திருக்கீங்களா?"

ஃபிரெடி தயங்கினான். "பார்த்திருக்கேன் மேடம். நாங்க அளக்க வந்த புதுசுல அவர் வீட்டுல இருந்துதான், ஊர் எல்லைக்கு வெளிய இருக்கிற எங்க ஷெட்டுக்குச் சோறு வரும். எதிர்க்கறவங்களே சோறு போடறாங்கன்னு சொன்னா எங்க ஆபீஸ்ல நம்பவே இல்ல. அதுல ஒரு அடுக்கைத் திருப்பித் தராம ஷெட்லயே வெச்சிருந்தோம். இப்போ தேடினா காணோம்."

"ஷெட்டுக்கு வெளியாள் வருவாங்களா?"

"ஹரிபிரசாத் சார் தினமும் வருவார். பாதை மாறுமா மாறுமான்னு கேட்டுக்கிட்டே இருப்பார். ஆனா ஊர்ச் சாப்பாட்டைத் தொடவே மாட்டார். வயித்துக்கு ஆகாதாம். வீட்டுலேர்ந்து கொண்டு வந்திடுவார்."

வெளியே வந்ததும் மாமி காதோடு சொன்னார்: "இந்தப் பையன்தான். டப்பா இவன் ஷெட்லதானே இருந்தது!"

"இவன் இந்த ஊர்ச் சோத்தைத் தினமும் சாப்பிடறான். அதை மட்டும் மனசுல வெச்சுக்கோ."

காவல் நிலையத்தில் சப்-இன்ஸ்பெக்டர் அசரியா மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் கவரை வைத்தார். உள்ளே மூடியோடு கூடிய எவர்சில்வர் அடுக்கு. 'சுகுமார்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது.

"திறந்து பார்க்கலையா சார்?"

"இல்ல மேடம். ரேகை எடுக்கறவர் நாளைக்குத்தான் வர்றார். கிடைச்சபடியே நானே எடுத்து கவர்ல போட்டேன். உள்ள ஏதோ இருக்கு, கனமா இருந்துச்சு. வேற யார் கையும் படல."

ஞானஜோதி குனிந்து பார்த்தார். மூடியின் விளிம்பில் மஞ்சள் நிறத்தில் எண்ணெய் காய்ந்திருந்தது. அதில் கறுப்பாக ஒரு சிறு புள்ளி.

"எறும்பா?" என்றார் மாமி.

"எறும்புன்னா இந்நேரம் நகர்ந்திருக்கும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுகுமார் எழுந்து நின்றான். வலது மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு. அவன் கெஞ்சவில்லை.

"மேடம், அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிச்சவனே நான்தான். ரோட்டுல இருந்து பார்த்தாலே வெள்ளையா தெரியணும்னு அடிச்சேன். மதகு மேல கல்லு நிக்கறதைக் குழு கண்ணால பார்க்கணும். எங்க பக்கத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி ஏது? அதைப் போய் நான் பிடுங்குவேனா?"

"வாய் நல்லா பேசறான்," என்றார் அசரியா. ஆனால் அவர் குரலில் உறுதி குறைந்திருந்தது.

ஹரிபிரசாத்தின் அலுவலகம் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து ஊருக்குத் திரும்பும் இடத்தில் இருந்தது. வாசலில் 'அதிவேக ரயில் நிலையத்துக்கு மிக அருகில்' என்று ஆள் உயரத்துக்கு எழுத்துகள்.

"வாங்க மேடம், ஏசிக்கு நேரா உட்காருங்க. பாவம் டீச்சர், நல்லவங்க. ஊர்க்காரங்க அவங்களை ஏத்தி விடறாங்க."

"சுகுமாரைக் கிட்டப் போய்ப் பார்த்தீங்களா?"

"கிட்டயா? சான்ஸே இல்ல. ரோட்ல கார்ல இருந்து பார்த்தேன். நடுவுல ஏரி முழுக்கத் தண்ணி. வெளிச்சமும் மங்கிடுச்சு, ஆனா ஆளை அடையாளம் தெரிஞ்சுது. தைரியத்தைப் பாருங்க மேடம். பிடுங்கறது கவர்மென்ட் கல்லு. அதுக்குப் பிக்னிக் வந்த மாதிரி லெமன் ரைஸ் கட்டிக்கிட்டு வந்திருக்கான்!"

"ஆமா, நிதானமான ஆள்தான்," என்றார் ஞானஜோதி. "சாயங்காலம் ஏரிக்கரைப் பந்தலுக்கு வாங்க. நீங்க பார்த்ததை ஊருக்கு முன்னாடி சொல்லணும்."

காரில் ஏறியதும் மாமி பெருமூச்சு விட்டார். "இவர் மரியாதையாப் பேசறார் ஜோதி. அப்போ அந்த சப்-இன்ஸ்பெக்டரா இருக்குமோ?"

வெயில் தாழ்ந்ததும் திருவிழாப் பந்தலில் ஊர் கூடியது. முன்வரிசையில் பெண்கள். அசரியா சுகுமாரை அழைத்து வந்திருந்தார். ஃபிரெடி ஓரமாக நின்றான். ஹரிபிரசாத்துக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

கவரோடு அடுக்கைத் தூக்கிக் காட்டினார் ஞானஜோதி. "திறக்கறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. இந்த வாரம் உங்க ஊர் ஆம்பளைங்க டப்பாவுல கட்டிக்கிட்டுப் போனா, உள்ள என்ன இருக்கும்?"

"பழைய சோறு!"

"மோர் சோறு, கூட வெங்காயம்!"

"என் வீட்டுக்காரர்னா வெறும் டப்பாதான். வழியிலயே தின்னுடுவார்!" என்றாள் ஒருத்தி. பந்தல் சிரித்தது.

அசரியா கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். புளித்த வாடை பரவியது. மஞ்சள் சோறு. அதன் மேல் கறிவேப்பிலை, வேர்க்கடலை, கறுப்புக் கறுப்பாக...

"கடுகு!"

முன்வரிசை மொத்தமும் ஒரே குரலில் சொன்னது. ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காப்புக் கட்டின ஊருக்குள்ள யாருடா தாளிச்ச சோத்தைக் கொண்டாந்தது?"

"அதைத்தான் பாட்டி நானும் கேக்கறேன்," என்றார் ஞானஜோதி. "ஸ்டேஷன்ல பார்த்தப்போ மூடி விளிம்புல ஒரே ஒரு கடுகு ஒட்டியிருந்துச்சு. டீச்சர் வீட்டுல சாப்பிட்டுட்டு நேரா அங்க போனதால அது என் கண்ணுல பட்டுச்சு. இது இந்த ஊர் அடுப்புல வெந்த சோறு இல்ல."

"ஏன், ஹோட்டல்ல வாங்கியிருக்கக் கூடாதா?" என்றார் ஹரிபிரசாத்.

"காப்புக் கையால தொடுவேனா சார்?" என்றான் சுகுமார்.

அசரியா தொண்டையைச் செருமினார். "மேடம், எனக்குப் புரியுது. ஆனா நம்பிக்கையைக் கோர்ட்டுல ஆதாரமா வைக்க முடியாது."

"சரி சார், நம்பிக்கையைத் தள்ளி வைப்போம். இந்த டப்பாவை இதுக்கு முன்னாடி யாராவது திறந்தாங்களா?"

"இல்ல. இப்போதான் நானே பார்க்கறேன்."

"அப்போ உள்ள இருக்கறது எலுமிச்சை சோறுன்னு யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாது. மத்தியானம் ஒருத்தர் எங்கிட்ட சொன்னார். 'லெமன் ரைஸ் கட்டிக்கிட்டு வந்திருக்கான்'னு. பட்டு, உனக்கு ஞாபகம் இருக்கா?"

பட்டு மாமி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "அய்யய்யோ, ஆமாம்! இவர்தான் சொன்னார்! நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேனே!"

"தூரத்துல இருந்து பார்த்திருப்பேன்..." என்றார் ஹரிபிரசாத்.

"மங்கின வெளிச்சத்துல, ஏரிக்கு அந்தப் பக்கத்துல இருந்து, மூடின டப்பாவுக்குள்ளயா?"

ஃபிரெடி முன்னால் வந்தான். "மேடம், கல்லு போறதுக்கு முன்னாடி அன்னைக்கு மத்தியானம் ஷெட்ல இவர் லஞ்ச் எலுமிச்சை சாதம்தான். வேணுமான்னு எனக்குக்கூட நீட்டினார். காப்பு விஷயம் சொல்லி மறுக்கலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள போன் வந்துடுச்சு. சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பார் போல!"

"நீங்க சொல்லாததுதான் நல்லதாப் போச்சு தம்பி." ஞானஜோதி ஹரிபிரசாத்தின் பக்கம் திரும்பினார். "கல்லு நின்னா நாளைக்குக் குழு மதகைப் பார்க்கும், பாதை மாறும். உங்க மனைக்குப் பக்கத்துல ரயிலும் இருக்காது, ஸ்டேஷனும் இருக்காது. கல்லை எடுத்து, பழியை ஊர் மேல போட்டா குழுவே வராது. ஒரே கல்லுல இரண்டு மாங்கா. அதுக்குத்தான் ஷெட்ல கிடந்த அடுக்கை எடுத்தீங்க. காலி டப்பாவைப் போட்டா யாரோ வெச்ச மாதிரி இருக்கும்னு உங்க சாப்பாட்டையே அதுல கொட்டினீங்க. இத்தனை மாசம் இந்த ஊருக்கு வந்து போறீங்க. ஒருநாள் இவங்க இலையில உட்கார்ந்திருந்தா இந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டீங்க."

ஹரிபிரசாத் வாயைத் திறந்தார். பாட்டி முந்திக்கொண்டாள். "பேசாத. இன்னும் தாளிச்ச வாடை போகல."

அசரியா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "சார், ஜீப்ல ஏறுங்க. ரேகையை நாளைக்கு உங்க விரலோடயே ஒத்துப் பார்த்துடலாம்." பிறகு சுகுமாரிடம் திரும்பி, "நீ கிளம்புப்பா. நாளைக்குப் பேசணும்ல?" என்றார்.

சுகுமார் வீட்டுக்குப் போகவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினான். அவன் பின்னால் பத்துப் பேர் இறங்கினார்கள். சேற்றில் புதைந்த கற்களைக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஃபிரெடி கருவியை நிறுத்தி இடம் காட்ட, பிடுங்கிய ஒவ்வொரு கல்லையும் அதே குழியில் நட்டார்கள். தங்கள் ஏரியை அழிக்க வந்த கற்களைத் தாங்களே நிமிர்த்தி, ரத்தினபாய் கரைத்துக் கொடுத்த சுண்ணாம்பைப் பூசினார்கள்.

"என்ன ஜனங்கடி இவா!" என்றார் பட்டு மாமி.

"உண்மை நின்னாப் போதும், நாம ஜெயிப்போம்னு நினைக்கறவங்க," என்றார் ஞானஜோதி.

மறுநாள் காலையில் குழு வந்தது. சாலைத் திருப்பத்திலேயே வெள்ளைக் கற்கள் தெரிந்தன.

வாரக் கடைசியில் தாம்பரம் வீட்டில் தொலைபேசி ஒலித்தது. ஸ்பீக்கரில் ரத்தினபாய். "மேடம், குழு எழுதிக் கொடுத்துட்டாங்க! மதகு வழியாப் பாதை கூடாது, ஏரியைத் தள்ளி மறுபடி அளக்கணும்னு. ஃபிரெடிதான் அளக்க வர்றான்."

"அதென்ன சத்தம் டீச்சர்? படபடன்னு ஏதோ கேக்கறதே?" என்றார் பட்டு மாமி.

"காலைல காப்பு இறக்கியாச்சு மாமி. ரசம் தாளிக்கறேன். எங்க தெரு முழுக்க இதே சத்தம்தான். ஜன்னல் பக்கம் வைக்கறேன், கேளுங்க."

இருவரும் போனுக்கு அருகே தலையைச் சாய்த்தார்கள். வீட்டுக்கு வீடு கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.